எல்லோருக்கும் ஒரே கோட்டு

அந்த நீலக் கோட்டின் முதுகுத் துணி இன்னும் என் வலது கைக்குள் இருப்பது போலவே இருக்கிறது. கேம்ப் ரோட்டில் ஒரு மாடியில் இருந்த கோடிங் சென்டரில் மாமாவைச் சேர்த்த அன்று, அடையாள அட்டைக்கு என்று படம் எடுத்தார்கள். மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துக் கொடுத்து மாட்டச் சொன்னார்கள். அவருக்கு ஒல்லி உடம்பு, கோட்டு தொளதொளவென்று நின்றது. நான் அவருக்குப் பின்னால், படத்தில் விழாதபடி குந்திக்கொண்டு, துணியைக் கொத்தாக இழுத்துப் பிடித்திருந்தேன். "கல்யாணத்துக்கே கோட்டு போடல மச்சான், உங்கக்கா பாத்தா பயந்துடுவா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் படம் விழுந்தது.

மாமா பல்லாவரம் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். வாலிபம் முழுக்க நின்றே வேலை செய்ததில் கால் நரம்புகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, கணுக்காலில் புண் வந்து ஆறாமல் கிடந்தது. நிற்கிற வேலையை விடாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் கோடிங் என்று முடிவானது. அவராவது ப்ளஸ் டூ. நான் எட்டாவதோடு நின்று ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எந்தச் சென்டர் நல்ல சென்டர் என்று எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் கூடவே போனேன். அவரைவிட எனக்குத்தான் பயம் அதிகம். "கேள்வி கேட்டே ஆள சாவடிச்சிடுவ நீ" என்று படியேறும்போதே சொல்வார்.

தாம்பரத்தில் முதலில் போன இடத்தில், டிகிரி இல்லையென்றால் வேலை கிடைப்பது கஷ்டம் சார் என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதுதான் உண்மை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு இரண்டு பேருக்கும் கோபம் வந்தது. மேடவாக்கத்தில் இன்னொன்று. சொல்லிக்கொடுத்தவர் பொறுமையான மனிதர், ஆனால் வேலைக்கு உத்தரவாதம் தர மாட்டேன் என்றார், உட்காரவும் மர பெஞ்சுதான். கேம்ப் ரோட்டில் ஏசி இருந்தது, சக்கரம் வைத்த நாற்காலிகள் இருந்தன. மாமா ஒன்றில் உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'வேலையில் சேர்ந்தவர்கள்' என்று வரிசையாகப் படங்கள், எல்லோரும் நீலக் கோட்டு. கம்பெனியில் கொடுக்கிற யூனிஃபார்ம் போல என்று நினைத்து, எனக்குப் பல நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசானது.

படம் எடுத்த அன்று ஆணியில் தொங்கியதும் அதே நீலக் கோட்டுதான். குந்தினபடியே, "மாமா, செவுத்துல கீறவங்க அத்தினி பேரும் இதே கோட்டுதான்" என்று கிசுகிசுத்தேன். அவர் திரும்பவில்லை. "வேல கெடச்சா சொந்தமா வாங்கிக்கலாம். நீ இறுக்கிப் புடி."

சேரும் முன் ஒரு நாள் மாதிரி வகுப்பெடுத்து எங்களை மயக்கியவர் அதற்குப் பிறகு வரவேயில்லை. போன வருஷம் அங்கே படித்து வேலை கிடைக்காத பெண் ஒருத்திதான் பாடம் நடத்தினாள். மாமா விடவில்லை. வீட்டில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். படிப்பு முடிந்து வேலை கேட்டுப் போன இடமெல்லாம் டிகிரி கேட்டார்கள், பிறகு வயசைக் கேட்டார்கள். கடைசியில் கீழ்க்கட்டளையில் ஒரு குடோனில் பார்சல் பிரிக்கிற வேலைக்குப் போனார். நாள் முழுக்க நிற்க வேண்டும். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டும்போதே மூச்சு வாங்கிச் சாய்ந்தார். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டபோது, நல்ல படம் என்று அடையாள அட்டையில் இருந்த அந்தக் கோட்டுப் படம் ஒன்றுதான் இருந்தது. தெருமுனையில் கட்டினார்கள். அதே வாரம் சென்டர்காரர்கள் ரோட்டின் மறுபக்கம் புது பேனர் வைத்தார்கள். வேலையில் சேர்ந்தவர்கள் வரிசையில் மாமா, அதே சிரிப்பு. ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "இன்னாண்ணா இது, அந்தாண்ட செத்துக்கீறாரு, இந்தாண்ட வேலைக்கிப் போய்க்கீறாரு" என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கியர் விழவில்லை.

கிழித்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று பிளேடை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா கதவை மறித்து நின்றாள். அழவில்லை. "வேணாண்டா. அதுலயாவது அவருக்கு வேல கெடச்சிக்கீது. இருந்துட்டுப் போவட்டும்."

காரியம் முடிந்ததும் அஞ்சலி பேனரைக் கழற்றிவிட்டார்கள். மற்றது இன்னும் இருக்கிறது. வெயிலில் நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. ஒவ்வொரு நடைக்கும் அதைத் தாண்டித்தான் போகிறேன், ஆள் ஏற நிறுத்தும்போது பார்க்காமல் இருக்க முடிவதில்லை. கோட்டு அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியிருக்கிறது.