வெற்றிக்கு ஏற்றாத மெழுகுதிரி

வெடிமருந்து மணத்தோடு அந்த ஒக்டோபர் திரும்பி வருகிறது. இத்தாலியின் பலெர்மோவில் செபமாலை மாதா திருவிழா. கோயிலுக்குள், துருக்கியரைக் கிறிஸ்தவக் கூட்டணி கடலில் வென்ற பழைய போரின் ஓவியம். அந்த வெற்றிக்கு நன்றியாக மெழுகுதிரி ஏற்றும்படி என் தங்கையிடம் நீட்டினார், அவள் வேலைசெய்யும் வீட்டு எஜமானியான சின்யோரா. அந்த வேலை போனால் பெர்மெசோவும், இங்கே தங்கும் அனுமதியும், போகும்.

போரின்போது வன்னிக் கடலில் கணவனைப் பறிகொடுத்த தங்கை, திரியை ஏற்றி, ஓவியத்தில் மூழ்கிக்கொண்டிருந்த துருக்கியருக்குக் கீழே வைத்தாள்.

"இது யாருக்கு?" சின்யோராவின் குரல் இறுகியது.

தங்கைக்கு இன்னும் இத்தாலியப் பாஷை பிடிபடவில்லை. "கடலுக்கை செத்தவைக்கு எண்டு சொல்லுங்கோ அண்ணை. மாத்திச் சொல்லிப்போடாதேங்கோ."

மாற்றாமல் சொன்னேன். வெளியே திருவிழா வெடி அதிர, சுடர் குனிந்து நிமிர்ந்தது. சின்யோரா ஓவியத்தையே பார்த்து நின்றார். கோயில் படியிறங்கியதும் என்னிடம் சொன்னார்.

"நாளைக்கு நேரத்தோடு வரச்சொல்."

நான் சொன்னதும், "ஓம், வாறன்" என்றாள் தங்கை அவரிடம், தமிழிலேயே.