சமக்குறி இல்லாத கால்குலேட்டர்

போன வாரம் அலுவலகத்தில் புது லேப்டாப் கொடுத்தார்கள். பழையதிலிருந்து கோப்புகளை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன கால்குலேட்டர் நிரல் கண்ணில் பட்டது. இதையும் நிறுவிவிடலாம் என்று அழுத்தினால், இந்தக் கணினியில் இது ஓடாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது. சரி, அதை எழுதிய மூலநிரலிலிருந்தே புதிதாகக் கட்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பிழைகள். அது கேட்கிற துணை நிரல்கள் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு மூடிவைத்தேன். அப்புறம் மதியம் முழுக்க வேலை ஓடவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்திருந்தவனுக்கு, இரும்பு வெட்டும்போது ஊற்றுகிற கட்டிங் ஆயில் வாடை அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த வாடை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுடையது. தெற்கே திருமங்கலத்திலிருந்து வந்து நான் சேர்ந்த முதல் சாஃப்ட்வேர் கம்பெனி அங்கே மாடியில் இரண்டே அறைகளில் இருந்தது. கீழே கியர் செய்கிற பட்டறை. எந்திரங்கள் ஓடத் தொடங்கினால் எண்ணெய்ப் புகை மாடிப்படி வழியாக ஏறி வந்துவிடும். டிபன் பாக்ஸைத் திறந்தால் சாம்பாரிலும் அதே வாடை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் வேலைன்னுதானப்பா சொன்ன?" என்று கேட்பார். தெருவில் பாதிப் பேர் கடைசிவரை நம்பவில்லை.

கீழ்ப் பட்டறையில் கியர்களை வடிவமைத்தவன் டில்லிபாபு. பக்கத்தில் பாடியிலேயே பிறந்து வளர்ந்தவன். டீக்கடையில் தினமும் பார்ப்போம். நான் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க மாட்டான். என் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். தலைக்கனம் பிடித்தவன் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, பாத்தும் பாக்காத மாதிரியே போறீங்களே, ஏன்?"

என்னைக் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். "தப்பா நெனைக்காத மச்சான். எனுக்கு நேரா பாத்தா நடுவுல ஒரே மங்கலா கீது. உன் காது ரெண்டும் தெரிது. மூஞ்சி தெர்ல."

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மங்கல் மெல்ல மெல்லப் பெரிதாகும், வைத்தியம் இல்லை என்று கண் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்களாம். அவன் மனைவி கலாவுக்கு மட்டும் தெரியும். பட்டறைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம்.

வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கிச் சமாளித்துவிடுவான். எண்கள்தான் காலை வாரின. பாலிடெக்னிக் நாட்களில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு கால்குலேட்டர் வைத்திருந்தான். அதில் சமக்குறி கிடையாது. எண்களை முதலில் கொடுத்துவிட்டு, கூட்டவா பெருக்கவா என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். இது என்ன தலைகீழாக என்று கேட்டேன்.

"இன்னா தலகீழு? நம்ம பேச்சே அப்டித்தான கீது? ரெண்டையும் மூணையும் கூட்டு, அத்த நாலால பெருக்குன்றோம். கூட்டு ரெண்டு மூணுன்னா சொல்றோம்?"

எனக்கு அது பிடித்துப்போயிற்று. அவனுக்கு வேறொரு வசதியும் இருந்தது. அடைப்புக்குறி போட்டுவிட்டு, மூடினோமா இல்லையா என்று கண்ணால் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குட்டிச் சன்னலில் வருகிற எண்களே இப்போது தெரியாமல் போய்விட்டன.

அப்போதுதான் முகம் தெரியாத யாரோ எழுதி, எல்லா வகைக் கணினிக்கும் ஆகும்படி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த இந்த நிரல் எனக்கு அகப்பட்டது. அதே சமக்குறி இல்லாத கணக்கு. ஞாயிறு மதியங்களில் கோவில்பதாகையில் என் அறைக்கு டில்லி பிரியாணிப் பொட்டலத்தோடு வருவான். மூலநிரலைத் திறந்து எழுத்துகளைப் பெரிதாக்குவேன். அவன் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்து, "இன்னும் பெர்சா, இன்னும் பெர்சா" என்பான். கடைசியில் ஒவ்வோர் எண்ணும் பேருந்தின் முகப்பு எண் அளவுக்கு வந்து நின்றது. என் லினக்ஸ் கணினியில் கட்டும்போது ஒரு துணை நிரலை நிறுவினால் அது இன்னொன்றைக் கேட்கும், பிரியாணி ஆறிப்போகும். பட்டறையில் அவன் மேசையில் இருந்த விண்டோஸில் நிரல் சாதுவாக உட்கார்ந்துகொண்டது.

பிறகு சிக்கல் வந்தது. ஓசூரிலிருந்து ஒரு பெரிய வாடிக்கையாளர் வருவதாக இருந்தார். கியர்க் கணக்கைத் தன் கண் முன்னாலேயே போட்டுக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். பட்டறையின் கூட்ட அறையில் இருந்ததோ மேக் கணினி. அதில் எதை நிறுவவும் பட்டறை முதலாளியின் மகள் ரேவதியின் கடவுச்சொல் வேண்டும்; அலுவலகம் முழுக்க அவர் பொறுப்பு. சனிக்கிழமை போய்க் கேட்டோம். என் கணினியில் கட்டி வைத்திருந்ததை ஓட்டிக் காட்டினேன்.

"என்ன டில்லி, கால்குலேட்டருக்குப் போய் இவ்ளோ பெரிய எழுத்தா?"

வருகிறவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்றுதான் என்று நான் இழுப்பதற்குள் டில்லி சொல்லிவிட்டான்.

"எனுக்குத்தான் மேடம். எனுக்குக் கண்ணு செரியா தெர்ல."

ரேவதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருசமா கீது மேடம்."

"அப்ப ரெண்டு வருசமா நாம அனுப்புன கியரெல்லாம்?"

"ஒண்ணாச்சும் திரும்பி வந்துச்சா மேடம்?"

ரேவதி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக் கடவுச்சொல்லை அடித்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார், கோபமா வருத்தமா என்று தெரியாத குரலில். நாங்கள் கட்டி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஓசூர்க்காரர் வந்தார். திரை முழுக்க எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்கின. "சமம் எங்கப்பா?" என்று அவர் கேட்க, டில்லி தன் கூட்டு, பெருக்கு விளக்கத்தை மறுபடி ஆரம்பித்தான். ஆர்டர் கிடைத்தது. அதன்பின் ரேவதி அந்த நிரலை எல்லாக் கணினிகளிலும் போடச் சொன்னார். எந்திரம் பூட்டுகிற பிட்டர்கள்கூடப் பந்தயம் கட்டிக் கணக்குப் போட்டார்கள். டீக்கடையில் டில்லியை யார் கடந்தாலும் முதலில் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாக வந்த பழக்கம். நான் பார்த்ததில் அவை அவனுடைய நல்ல வருடங்கள்.

முதலாளி இறந்ததும் இடத்தை விற்றுவிட்டார்கள். எந்திரங்கள் லாரியேறிக் கோயம்புத்தூர் போயின. எங்கள் கம்பெனி நகரத்தின் மறுகோடிக்குப் போயிற்று. டில்லிக்கு நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே வெளி நிரல் எதையும் நிறுவக் கூடாது. இந்த முறை முதல் நாளே கண்ணைப் பற்றிச் சொல்லித்தான் அனுமதி கேட்டான். மூலநிரலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞர் எங்களுக்குக் காபி கொடுத்து, மரியாதையாக, "ரூல்ஸ் சார்" என்றார். யாரிடம் முறையிட வேண்டும் என்பது அவருக்கும் தெரியவில்லை. கோடை வருவதற்குள் டில்லி வேலையை விட்டுவிட்டான்.

இப்போது நசரத்பேட்டையில் இருக்கிறான். சாலையைப் பார்த்தபடி கலாவின் தையல் கடை. வாசலில் அவனுக்கு ஒரு நாற்காலி. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை போவேன். கைபேசி அவனுக்குச் செய்தி படிக்கிறது, மணி சொல்கிறது. போன முறை, அதில் கணக்கும் போடலாமே என்றேன். "இன்னாத்துக்கு மச்சான் இப்ப?" என்றான்.

சிக்னலில் பச்சை விழுந்து, பாரம் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. டில்லி காதைக் கொடுத்துக் கேட்டான். "கேட்டியா? மூணாவது கியருல பல்லு தேஞ்சி கீது."

எனக்குக் கேட்டது லாரிச் சத்தம் மட்டும்தான். கலாவின் தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை பல், என்ன விட்டம், மாற்றுக் கியர் எப்படி இருக்க வேண்டும் என்று அவனிடம் அடுத்த கேள்வி கேட்கிற ஆட்கள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. லாரி பெங்களூர்ப் பக்கம் போய்விட்டது. அவன் இன்னும் அந்தத் திசையிலேயே முகத்தைத் திருப்பி வைத்திருந்தான்.