தியேட்டர்காரரும் இளவரசனின் தனிப்பேச்சும்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், தியேட்டரில் வேலை பார்க்கிறார். சினிமா தியேட்டர் இல்லை, ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர். மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாளர். ஒரு நாடகக் குழுச் செயலாளர் காதில் "தியேட்டரில் இருபது வருஷ அனுபவம்" என்பது மட்டும் விழுந்திருக்கிறது. வீடு தேடி வந்து, நானூறு வருடப் பழைய ஆங்கில நாடகத்தில் இளவரசன் வேஷம் என்று வசனத் தாளை நீட்டிவிட்டார். விஷயம் தெரிந்ததும் அசடு வழியக் கிளம்பினார். தாள் மட்டும் அத்தானிடம் தங்கிவிட்டது.

இளவரசன் தனியாக நின்று பேசும் பேச்சு அது. படுகிற பாட்டுக்குச் செத்துத் தொலையலாமே, அதுவும் ஒரு தூக்கம்தானே என்று யோசிக்கிறான். அந்தத் தூக்கத்தில் என்ன கனவு வருமோ என்றதும் கால் பின்வாங்குகிறது. தினமும் மனிதர்களைத் தூங்கவைக்கிற அத்தானை அது பிடித்துக்கொண்டது. கண் விழிக்கும் நோயாளிகளிடமெல்லாம் கனவு வந்ததா என்று விசாரிக்க ஆரம்பித்தார். பெரும்பாலோர் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர் மட்டும் மாமியாரைச் சீட்டாட்டத்தில் ஜெயித்ததாகச் சொன்னார். அரை மயக்கத்தில் அவர்கள் உளறுவதையும் அத்தான் சாப்பாட்டு மேஜையில் நடித்துக் காட்டுவார். நாங்கள் வயிறு குலுங்கச் சிரிப்போம்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் வந்தது. எடுக்காமல் விட்டால் ஆபத்து என்றார் டாக்டர். ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். அத்தான் கெஞ்சினார், கோபித்தார், ஒன்றும் பலிக்கவில்லை. அவளுக்குச் சாவு பயம் என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி அந்தத் தாளை எடுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி வலியில் துடிக்கிறாள், இவருக்கு எந்த நாட்டு இளவரசனோ முக்கியம்.

ஒரு மாலை நாங்கள் கூடத்தில் இருந்தபோது, சமையலறையில் அக்கா பாத்திரங்களோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அத்தான் தாளைக் கீழே வைத்தார்.

"மச்சான், இவன் ஏன் இவ்வளவு நேரம் தனியாப் பேசறான் தெரியுமா? உனக்கு என்ன பயம்னு கேக்க அவனுக்கு ஒரு ஆள் இல்ல."

எழுந்து சமையலறைக்குள் போனார். சமாதானம், புத்திமதி எதுவும் சொல்லாமல், எதற்குப் பயம் என்று மட்டும் கேட்டார். அக்கா குழாயை மூடினாள்.

"உளறிடுவேன்னுதான் பயம். அடுத்தவங்க உளறினதை நீங்க இங்க வந்து சொல்லிச் சிரிக்கறீங்க. என் பேச்சை எந்த வீட்ல சொல்லிச் சிரிப்பாங்களோ."

கூடத்தில் இருந்த எனக்கே வெட்கமாக இருந்தது.

மயக்கம் தெளியும்போது உன் பக்கத்தில் நான் மட்டும்தான் இருப்பேன் என்று அத்தான் வாக்குக் கொடுத்த பிறகே அக்கா சம்மதித்தாள். ஆபரேஷனன்று அவர் லீவு போட்டார். மயக்கம் தெளியும் நேரத்தில் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, நர்ஸை வெளியே நிற்கச் சொல்லி, தனியாக உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அக்கா என்ன சொன்னாள் என்று அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். நன்றாகத் தூங்கினாள் என்றார்.

வருடங்கள் ஆகிவிட்டன. நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். கடைசியில் அக்காவுக்கே ஆவல் தாங்காமல், அப்படி என்னதான் சொன்னேன் என்று ஒருநாள் கேட்டாளாம்.

"நீ தனியாத்தானே பேசின," என்றாராம் அத்தான். "நான் அங்க இல்ல."