வால்வுப் பெட்டியும் ஃப்ரிட்ஜ் செருப்பும்

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கென்றே ஒரு ஜோடி செருப்பு இருந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி எப்போதும் கிடக்கும். தண்ணீர் பாட்டில் எடுக்க வேண்டுமானால் முதலில் அதில் காலை நுழைக்க வேண்டும், அப்புறம்தான் கதவில் கை வைக்க வேண்டும். மறந்துபோனால் விரல் நுனியில் சுர்ரென்று ஏறும். வில்லியனூரில் அந்தப் பின்போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்த அன்று, முன்போர்ஷனில் இருக்கும் வீட்டுக்கார பாயின் மனைவி எங்களுக்குச் சொன்ன முதல் விஷயமே இதுதான். இந்த வீட்டில் மெஷின்களைத் தொட்டால் லேசாகக் கரண்டு தெரியும், செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பதை இரண்டாவதாகத்தான் சொன்னார்.

பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் தலையாட்டிவிட்டோம். மனிதனுக்குப் பழகிவிட்டால் எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை. என் மனைவி பாகூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டு காலால் செருப்பைத் துழாவியிருக்கிறாள். எல்லோரும் வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றுவார்கள், இவள் மட்டும் தேடுகிறாளே என்று அங்கே பெரிய சிரிப்பாம். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் நான் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தேன்.

வாரநாட்களில் நான் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். முகூர்த்த நாட்களில் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கிதார் வாசிக்கிறேன். மண்டபத்தில் என் கிதார் யாருக்கும் கேட்காது. கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் நடுவில் நான் கையை ஆட்டிக்கொண்டிருப்பது போட்டோவுக்கு மட்டும் பயன்படும். அதனால் எனக்கே எனக்கு என்று ஒரு நல்ல சத்தம் வேண்டும் என்ற ஆசை பல வருடமாக இருந்தது. பாண்டியில் ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து அந்தச் சின்னப் பெட்டி கிடைத்தது. பிரஷர் குக்கர் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி இரண்டே கண்ணாடி வால்வு. சுவிட்சைப் போட்டால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறம் மெதுவாக ஏறும், அதற்கப்புறம்தான் பெட்டிக்கு உயிர் வரும். எனக்கு அந்தக் காத்திருப்பே பிடித்துப்போனது.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய சித்தப்பா பாகூர்ப் பக்கம் மோட்டார் கொட்டகையில் ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டு இறந்துபோனவர். அப்போது இவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் எத்தனை வோல்ட் இருக்கும் என்று கேட்டாள். நான் முட்டாள்தனமாக உண்மையைச் சொன்னேன். வீட்டுக் கரண்டைவிட அதிகம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் தங்கியிருக்கும் என்றேன். அவள் பாயில் குப்புறப் படுத்து நீந்திக்கொண்டிருந்த எங்கள் மகளைப் பார்த்தாள்.

"பாப்பா தவழ ஆரம்பிச்சா இந்தப் பொட்டி வூட்ல இருக்கக் கூடாது" என்றாள்.

சண்டைபோடும் குரலில் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதனால் சரி என்றேன். குழந்தை தவழ்வதற்குள் அந்தப் பெட்டியை யாரும் பயப்படத் தேவையில்லாத ஒன்றாக மாற்றிக்காட்ட வேண்டும் என்று மனதுக்குள் முடிவுசெய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வேலை நடந்தது. வால்வுப் பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு கையை எப்போதும் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்டு நெஞ்சு வழியாகப் பாயும் என்பார்கள். நான் ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு மறு கையில் சால்டரிங் அயர்னைப் பிடித்திருப்பதைப் பார்த்து, பெரிய ஹோட்டல் சர்வர் பரிமாறுகிற மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. முதல் வேலையாக, பிளக்கைப் பிடுங்கியதும் கப்பாசிட்டரில் தங்கியிருக்கும் கரண்டு தானாக வடிந்துபோக ஒரு ரெசிஸ்டரை வைத்தேன். பிறகு காதைக் குத்திய கீச்சுச் சத்தத்தைக் குறைக்க இரண்டு சின்னக் கப்பாசிட்டர்களை மாற்றினேன். பழைய ஸ்பீக்கரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரியதாக ஒன்றைப் போட்டேன். அது உள்ளே நுழையாததால் பிளைவுட்டில் புதிதாகப் பெட்டியே செய்ய வேண்டியதாயிற்று. குழந்தை தூங்கும்போதும் வாசிக்கலாம் என்று சத்தத்தை நன்றாக இறக்குவதற்குத் தனியாக ஒரு சுவிட்சும் வைத்தேன். பின்பக்கம் விரல் நுழையாதபடி இரும்பு வலை அடித்தேன்.

எல்லாம் முடித்துக் கிதாரைச் சொருகினால், உர்ர்ர் என்று ஒரே உறுமல்.

என் சால்டரிங்தான் சரியில்லை என்று நினைத்தேன். எல்லா ஜாயின்ட்டையும் மறுபடி பற்றவைத்தேன். உறுமியது. ஒயர்களை முறுக்கி ஓரமாக ஒதுக்கிக் கட்டினேன். உறுமியது. பெரிய கப்பாசிட்டரை மாற்றினேன். அன்று சத்தமே இல்லை. சந்தோஷத்தில் தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து போட்டால் மறுபடி உறுமியது. கிதார்க் கம்பியைத் தொட்டால் விரலில் லேசாகச் சுர்ரென்றது. இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அப்படித்தானே என்று செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆர்கெஸ்ட்ராவில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வால்வை மாற்று என்றான் ஒருவன். பெட்டியையே மாற்று என்றான் டிரம்ஸ் வாசிக்கிறவன். எனக்கு வந்த எரிச்சலில் அதைத் தூக்கிச் சங்கராபரணி ஆற்றில் போட்டுவிடலாமா என்றுகூட இருந்தது.

கடைசி முயற்சியாக, தவளக்குப்பத்தில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் ஹாலுக்கு அதை வண்டியில் கட்டி எடுத்துப்போனேன். அங்கே சொருகியதும் பெட்டி பேசாமல் இருந்தது. வால்வு எரிகிறதா என்று குனிந்து பார்க்கும் அளவுக்கு அமைதி. ஒரு கம்பியைத் தட்டினேன். இத்தனை வருடம் நான் தேடிய சத்தம் அதுதான். கண்ணில் நீர் வந்துவிட்டது. டிரம்ஸ்காரனுக்குத் தெரியக் கூடாதென்று தும்மலாக மாற்றினேன்.

ஜெயித்த ஆள் மாதிரி வீட்டுக்கு வந்து, மனைவியை உட்காரவைத்து, சுவிட்சைப் போட்டேன். உர்ர்ர்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தைக்குக் கஞ்சி எடுத்துவர அடுப்படிக்குப் போனவள் திரும்பி வராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் உறுமல் தானாக நின்றது. நான் பெட்டியைப் பார்த்தேன். அவள் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, இது நின்னுச்சு, அதுவும் நின்னுச்சு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் காத்திருக்கச் சொன்னாள். ஃப்ரிட்ஜ் மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதே நொடியில் என் பெட்டியும் உறும ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜ் பிளக்கை உருவச் சொன்னேன். பெட்டி அடங்கியது.

ஹோல்டரில் ஒரு பல்பை மாட்டி, இரண்டு ஒயரை எடுத்து பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்த்தேன். லைனுக்கும் நியூட்ரலுக்கும் கொடுத்தால் எரிந்தது. லைனுக்கும் எர்த்துக்கும் கொடுத்தால் எரியவே இல்லை. எல்லாப் பாயின்ட்டிலும் அதே கதை. அந்த வீட்டில் மூன்றாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருந்தது. மெஷின்களிலிருந்து கசியும் கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லாமல், சுவருக்குள் ஓடும் ஒரே எர்த் ஒயர் வழியாக ஃப்ரிட்ஜ் கதவுக்கும் கிரைண்டருக்கும் என் கிதார்க் கம்பிக்கும் வந்துகொண்டிருந்தது. என் பெட்டி பழுதாகி உறுமவில்லை. வீட்டில் இருப்பதை அது உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. மகள் பாயைவிட்டு வெளியே வந்திருந்தாள். வயிற்றால் தேய்த்துக்கொண்டு, வாயில் ஒழுகிய எச்சிலைத் தரையெல்லாம் பூசியபடி, அடுப்படி வாசல்வரை வந்துவிட்டாள். இரண்டு நாளாக அப்படித்தான் நகர்கிறாள், நான்தான் கவனிக்கவில்லையாம்.

மனைவி அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரோரம் கிடந்த நீலச் செருப்பைப் பார்த்தாள்.

"நாம செருப்பு போட்டுக்கினோம். இவளுக்கு?"

அன்று மத்தியானமே அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாகூருக்குப் பஸ் ஏறினாள். நான் வீட்டுக்கார பாயைப் பார்க்கப் போனேன்.

பாய் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் வீட்டில் ஒரு ஆணி அடிக்கவும் கேட்க வேண்டும். எர்த் இல்லை என்று நான் சொன்னதும், இருபது வருடமாக இல்லாத பிரச்சினையை உங்கள் கிதார் கொண்டுவந்ததா என்று சிரித்தார். அவரை வீட்டுக்கு அழைத்துவந்து பல்பை வைத்துக் காட்டினேன். சிரிப்பு போய்விட்டது. எர்த் குழி எங்கே என்று கேட்டேன். அவர் கொல்லைப்பக்கம் போய், லோடு ஆட்டோ நிறுத்துவதற்காகப் போட்ட சிமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க ஒரு கம்பி நீட்டிக்கினு இருந்துச்சு தம்பி. ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கறப்போ தடுக்குதுன்னு நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார்.

நான் திட்டிவிட வேண்டும் என்றுதான் கிளம்பி வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. அதற்குள் அவர் மனைவி ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டார். தொழுகைக்குக் கைகால் கழுவிவிட்டு வந்து கிரைண்டரைத் தொட்டால் கை வெகுநேரம் மரத்துப்போகிறது, லேசான கரண்டு அப்படிச் செய்யாது என்று நரம்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். எந்த டாக்டரும் கிரைண்டரைப் பற்றிக் கேட்கவில்லையே என்றார். பாய் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார். ஆசைப்பட்டுப் போட்ட தரையில் முதல் குத்து அவருடையதுதான்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினார். ஷாக் அடித்தால் உடனே கட்டாகும் ட்ரிப்பர் ஒன்றையும் போர்டில் மாட்டினார். ஃப்ரிட்ஜ் பிளக்கைச் சொருகியதும் ட்ரிப்பர் டப்பென்று விழுந்தது. மறுபடி ஏற்றினோம், மறுபடி விழுந்தது. ஃப்ரிட்ஜைத் திருப்பிப் பார்த்தால், மோட்டாருக்குப் போகும் ஒயரின் தோலை எலி கடித்திருந்தது. செம்பு ஃப்ரிட்ஜின் உடம்பில் உரசிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடும்போதெல்லாம் என் பெட்டி உறுமியதற்குக் காரணம் அதுதான். அதையும் மாற்றினோம். அதற்குப் பிறகு ட்ரிப்பர் விழவில்லை.

மனைவி பாகூரிலிருந்து உடனே வரவில்லை. போனில் தினமும் ட்ரிப்பர் விழுந்ததா என்று கேட்டாள். விழவில்லை என்றேன். பாயையும் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். புருஷன் சொல்லுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

அவர்கள் திரும்பி வந்த அன்று மாலை நான் பெட்டியை ஆன்செய்து கிதாரை மடியில் வைத்திருந்தேன். சத்தமே இல்லை. மனைவி கதவோரம் பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு இப்போது முட்டி போட்டுத் தவழத் தெரிந்திருந்தது. நாங்கள் பேச்சில் இருந்தபோது அவள் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது, முதல்முறையாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு உள்ளங்கையும் எச்சில் ஈரம். வெறுங்கால்.

மனைவி என் தோளை இறுகப் பிடித்தாள். இருவராலும் அசைய முடியவில்லை. மகள் கதவைத் தட்டினாள். பிறகு கன்னத்தை வைத்தாள். பிறகு நாக்கால் நக்கிப் பார்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அப்பாடா என்று மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அதே நிலைதான். எர்த் இருக்கிறது, ட்ரிப்பர் இருக்கிறது, எல்லாம் தெரிந்தும் அந்த நொடியில் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

கொஞ்சம் கழித்து அவளே எழுந்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருந்த ஷெல்ஃபில் ஊறுகாய் ஜாடிகளை ஒதுக்கிப் பெட்டிக்கு இடம் பண்ணினாள். நான் கேட்கவே இல்லை. அடுத்த நாள் காலையில் அடுப்படிக்குப் போனபோது நீலச் செருப்பைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். குப்பை வண்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னாள், வெறுங்காலோடு நின்று பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டே.