அம்மாவின் தலைவலி சொன்ன வாக்கு

எங்கள் அம்மாவின் மேல் மாரியம்மன் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். பத்து வயதில் எனக்கு எதிலும் சந்தேகம் வந்ததில்லை, இதிலும் வரவில்லை.

அதற்குமுன் அம்மாவுக்கு வந்ததெல்லாம் வெறும் ஒற்றைத் தலைவலிதான். முதலில் கண்ணுக்குள் ஒளி நெளியும். அப்புறம் பாதித் தலை பிளக்கும். "வேலைன்னா போதும், உம்பட பொண்டாட்டிக்குத் தலவலி வந்துருமே" என்று பெரியப்பா என் அப்பாவிடம் குத்திக் காட்டுவார்.

அந்த வருட மாரியம்மன் பண்டிகைக்குப் பரமத்தி வேலூர் போய்க் காவிரியில் தீர்த்தக்குடம் எடுத்து வந்தோம். கோயில் வாசலில் அம்மா நின்றுவிட்டாள். "வெளிச்சமா நெளியுது" என்றாள். அதற்குமேல் நாக்கு குழறியது. குடத்தை யாரோ வாங்கிக்கொள்ள, குலவைச் சத்தம் எழுந்தது, பம்பை முழங்கியது.

பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தோட்டத்துல தண்ணிக்குப் போரு எங்க போடறதுங்க ஆத்தா?"

அம்மாவின் இடது கை மரத்துப்போய் வடக்குப் பக்கமாக ஆடியது. வலது கையால் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நானும் விடவில்லை. "சைக்கிள் வேணுமுங்க ஆத்தா" என்றேன்.

சற்று நேரத்தில் அம்மா வலியில் சுருண்டு படுத்தாள். ஆத்தா மலையேறிவிட்டாள் என்றார்கள். தோட்டத்தின் வட மூலையில் ரிக் வண்டியை நிறுத்தி ஆழ்துளைக் கிணறு போட்டார் பெரியப்பா. தண்ணீரும் வந்து தொலைத்தது.

அப்புறம் அந்தத் தலைவலியை வியாதி என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? மாத்திரை கேட்டால் வேப்பிலை கொடுத்தார்கள். எட்டு வருடம் இப்படியே போனது.

கடைசியில் நான்தான் சண்டை போட்டுச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். கை நரம்பில் குமிழி கலந்த நீரை ஏற்றி, அது இதயத்துக்குள் எங்கே வந்து சேர்கிறது என்று திரையில் பார்த்தார்கள். நுரையீரலில் ஓரிடத்தில் ரத்தம் வடிகட்டப்படாமல் குறுக்குவழியில் இதயத்துக்குத் திரும்புகிறதாம். எல்லோருடைய தலைவலிக்கும் இது காரணமில்லை, அம்மாவுக்கு இதுவாக இருக்கலாம், விட்டுவைத்தால் பக்கவாதம்கூட வரலாம் என்றார் டாக்டர். மெல்லிய குழாய் விட்டு அந்த வழியை அடைத்தார்கள். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள், தலைவலி எப்போதாவதுதான்.

பண்டிகைக் கதையை நான் சிரித்துச் சிரித்து டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல், நாக்கு குழறியதையும் கை மரத்ததையும் நோயின் அறிகுறிகளாகக் குறித்துக்கொண்டார்.

மணிக்கட்டில் இருந்த நகத்தடத்தை ஆத்தா கொடுத்த வரம் என்று அப்போது பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டித் திரிந்தேன். அவ்வளவு கூட்டத்தில், விழாமலிருக்க அம்மா பிடித்தது என் கையைத்தான். நான் சைக்கிள் கேட்டேன்.