சைகோனிலும் இல்லாத குழாய்

ஒருவர் தேய்த்த சோப்பை இன்னொருவர் தேய்ப்பது எனக்கு ஆகாது.

அதனால் எங்கள் வில்லியனூர் வீட்டில், மேலே இருக்கும் தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து இறங்கும் குழாயின் நடுவே ஒரு தகர டப்பாவைப் பொருத்தி, உள்ளே சோப்பைச் செதுக்கிப் போட்டேன். திறந்தால் சோப்புத் தண்ணீரே வரும். யார் கையும் சோப்பில் படாது. அலசப் பக்கத்தில் வாளி.

தங்கைக்குச் சம்பந்தம் பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் இன்றுதான் எங்கள் வீட்டில் கை நனைத்தார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா பிரெஞ்சு சர்க்கார் வேலையில் சைகோனில் இருந்தவர். எதைக் காட்டினாலும், "சைகோன்ல இத்த வுடப் பெருசு" என்பார். வஞ்சிர மீனுக்கும் அதே பதில்தான்.

சாப்பிட்டு எழுந்தவரிடம் பெருமையாகக் குழாயைக் காட்டினேன். கை கழுவினார்.

"பரவால்லபா" என்றார்.

அதோடு நின்றிருக்கலாம். நம் ஊரில் யார் கையை மட்டும் கழுவுகிறார்கள்? ஒரு கை தண்ணீரை வாயில் ஊற்றிக் கடகடவென்று கொப்பளித்தார்.

மீசையெல்லாம் நுரை.

அப்பா என்னை முறைத்தார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து தங்கை கேட்டாள்: "பெரிப்பா, சைகோன்ல இது இருக்குதா?"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார்.

பெரியப்பா துப்பி முடித்துச் சொன்னார்: "இல்லம்மா. இந்த அநியாயம் அங்க கூட இல்ல."

கல்யாணம் நிற்கவில்லை. பந்தியில் மட்டும் என் குழாய் கூடாதாம்.

கை கழுவ வைத்த குழாயில் வாய் கொப்பளித்தால் அது என் குற்றமா? நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். வாயை அலசிவிட்டுச் சொன்னாலும் சரி.