பூட்டியிருந்த ஒர்க்‌ஷாப்

நான்கு வருடங்களுக்கு முன், ஜூன் மாதம். மாமல்லபுரம் பக்கம் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்கு மகளோடு போயிருந்தேன். அவளுக்கு மெக்கானிக்கல்தான் வேண்டும். கவுன்சலிங்கில் தெற்கே ஓர் அரசுக் கல்லூரி கிடைக்கும் அளவுக்கு கட்-ஆஃப் இருந்தது. எனக்குத்தான் மனசில்லை. அந்தப் பழைய கட்டடத்தை போட்டோவில் பார்த்தே முகம் சுளித்தேன். இங்கே ஃபீஸ் பல மடங்கு. அவ்வளவு வாங்குகிறவர்கள் அதற்கேற்றபடி சொல்லித் தராமலா இருப்பார்கள்?

செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் உதவியாளர் வேலை எனக்கு. பி.எஃப். லோன் போட்டு முன்பணத்தோடு போயிருந்தேன். கவுன்ட்டரில் சாப்பாட்டு இடைவேளை. அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பானேன் என்று, "ஒர்க்‌ஷாப்பைப் பாத்துட்டு வரலாம்மா" என்றாள் மகள்.

ஒர்க்‌ஷாப் பூட்டியிருந்தது. வாசலில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் திறந்துவிட்டார். உள்ளே வரிசையாக லேத் மெஷின்கள், பளபளவென்று. "ஒரு தடவை ஓட்டிக் காட்டுவீங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா ஓட்றது? ரெண்டு மிஷினுக்குத்தான் கரண்ட்டே கீது. அதுவும் ரிப்பேரு. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா பெயின்ட் அடிப்போம்" என்றார். பிறகு என்னிடம், "பணம் கட்டிட்டீங்களா மேடம்? கட்டலன்னா, கவர்மென்ட் காலேஜ் கெடச்சா அங்க சேத்துடுங்க. மிஷினு பழசுதான், ஆனா ஓடிக்கினு கீது."

எனக்குச் சுருக்கென்றது. இவர் யார் எனக்கு யோசனை சொல்ல?

"உங்க பிள்ளைங்க எங்க படிக்கிறாங்க?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"பையன் கவர்மென்ட் காலேஜ்ல மேடம், இதே மெக்கானிக்கல்தான். ஸ்டாஃப் புள்ளைன்னா இங்க பாதி ஃபீஸுதான். அப்பவும் நான் சேக்கல."

மகளைக் கூட்டிக்கொண்டு கவுன்ட்டருக்குத் திரும்பினேன். கவுன்ட்டர் திறந்து எங்களைக் கூப்பிட்டார்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லி வெளியே வந்து பஸ் ஏறினோம்.

கவுன்சலிங்கில் அந்த அரசுக் கல்லூரியே கிடைத்தது. ஹாஸ்டல் சாப்பாடு மோசம், முதல் வருடம் அழுதாள். ஆனால் வாரா வாரம் கையில் கிரீஸ் கறையோடு வீடியோ காலில் வருவாள். இந்த வருடம் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி இன்டர்வியூவில், ஓர் உதிரி பாகத்தைக் கையில் கொடுத்து, இதை லேத்தில் எப்படிக் கடைவாய் என்று கேட்டார்களாம். கடைந்தே காட்டியிருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது.

அந்த ஒர்க்‌ஷாப் ஊழியரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். அங்கே போய் நன்றி சொன்னால் அவர் வேலைக்கே ஆபத்து என்று போகவில்லை. தன் பிழைப்புக்கு ஆபத்து என்று தெரிந்தும் முன்பின் தெரியாத எங்களுக்கு உண்மையைச் சொன்ன மனிதரிடம் நான் வெடுக்கென்று பேசினேனே, அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.